வேனில் சாமான் கூடிவிட்டது, சார்ஜ் பத்தவில்லை: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

கார்த்திகை மாதம் பிறந்து பத்து நாள் ஆனால் போதும், எங்கள் பட்டறை வாசலில் டூரிஸ்ட் வேன்கள் வரிசையாக நிற்கும். சபரிமலை ஓட்டத்துக்கு என்று புதிதாக ஆம்ப்ளிஃபையர், எல்இடி பட்டை, டிவி, சீட்டுக்கு ஒரு செல்போன் சார்ஜர் என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு போன வண்டிகள்தான் அவை. புகார் ஒன்றுதான்: "அண்ணே, பேட்டரி நிக்க மாட்டேங்குது." அதற்குள் பாதிப் பேர் ஒரு புது பேட்டரி வாங்கியிருப்பார்கள். சிலர், இன்ஜின் ஓடும்போது கரண்ட் தந்து பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரையும் மாற்றியிருப்பார்கள். சீசன் முழுக்க ஓடிச் சம்பாதிப்பதில் நல்ல பங்கு இப்படித் தேவையில்லாத சாமானுக்குப் போவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது 12 வோல்ட் டீசல் வேன், ஜீப், பெரிய கார் வகை வண்டிகளுக்கு. 24 வோல்ட் வண்டி என்றால் வோல்ட் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். தேவைப்படும் கருவி ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். டிசி ஆம்ப்ஸ் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். வாங்கும்போது டிசி ஆம்ப்ஸ் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு வயரிங்குக்கு விற்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் ஏசி மட்டும்தான் காட்டும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லா இருக்கு என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய டிசி டைனமோ, கட்அவுட் காலத்து வழக்கம் அது. இன்றைய ஆல்டர்னேட்டரில் பேட்டரியைச் சட்டென்று துண்டித்தால் அந்தக் கணத்தில் வோல்டேஜ் 40-ஐத் தாண்டி எகிறும். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், ஏசியை டிசி ஆக்கும் டையோடு, இன்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம், புதிதாக மாட்டிய ஆம்ப்ளிஃபையர் எது வேண்டுமானாலும் போகலாம். யார் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள்.

தொடங்கும் முன் நாலு அளவு

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த நாலு அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் நான் வேலையைத் தொடங்குவேன்.

வண்டியை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் எதையும் போடாமல் பேட்டரியில் வோல்டேஜ் பாருங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது என்று பொருள். 10.5 அளவில் நின்றால் ஒரு செல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த பேட்டரியை வைத்துக்கொண்டு மற்ற சோதனை எதையும் செய்ய வேண்டாம், வரும் அளவு எல்லாமே தப்பாக இருக்கும்.

அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, எல்லாச் சாமானும் ஆஃப் செய்த நிலையில் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, அதே இடத்தில் எல்லாவற்றையும் போட்டு, ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல். நாலாவது, எல்லாம் போட்டபடியே ஆக்சிலேட்டரை 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி.

மூன்றாவதும் நாலாவதும்தான் முக்கியம். பேட்டரிக் கடையில் இரண்டாவது அளவை மட்டும் பார்த்துவிட்டு "14.2 வருது, சார்ஜிங் ஓகே" என்று அனுப்பிவிடுகிறார்கள். சுமை இல்லாமல் பார்த்தால் பாதி செத்த ஆல்டர்னேட்டர்கூட 14.2 காட்டும்.

ஓடும்போது சரியாக இருக்கிறது, நின்றால் லைட் மங்குகிறது, பாட்டு கட் ஆகிறது

பத்து வண்டியில் ஆறு இந்த ரகம். நாலாவது அளவு 13.8-க்கு மேல் வந்து, மூன்றாவது 12.5-க்குக் கீழே விழுந்தால் ஆல்டர்னேட்டர் கெடவில்லை. ஐடிலில் அதனால் அவ்வளவுதான் தர முடியும்.

ஆல்டர்னேட்டரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். சிலவற்றில் 14 வோல்ட், 35/75 ஆம்ப்ஸ் என்று இரண்டு எண் இருக்கும். பின்னால் உள்ள 75 என்பது ஆல்டர்னேட்டர் 6,000 சுற்றில் ஓடும்போது தருவது. முன்னால் உள்ள 35 ஐடில் வேகத்தை ஒட்டிய அளவு. ஒரே எண் மட்டும் இருந்தால், ஐடிலில் அதில் பாதிக்கும் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம் ஊர் டீசல் வண்டிகள் பலவற்றில் இருக்கும் ஏ127 வகையில் அந்த 127-ஐ ஆம்ப்ஸ் என்று நினைத்துக் கணக்குப் போட்டு வருகிறவர்கள் உண்டு. அது உடம்பின் விட்டம், மில்லிமீட்டரில்.

இப்போது செலவுக் கணக்கு. வாட்டை 13.5-ஆல் வகுத்தால் ஆம்ப்ஸ். நான் வழக்கமாகப் பார்க்கும் வேனுக்கு இப்படி வரும். ஹெட்லைட், பார்க்கிங், டெயில் எல்லாம் சேர்த்து 160 வாட், அதாவது 12 ஆம்ப்ஸ். ஏசி புளோயர்களுக்கு 15. இன்ஜின் தனக்கென்று எடுப்பது 8. மழை வந்தால் வைப்பருக்கு 5. இதுவே 40 ஆகிவிட்டது, கம்பெனி இதற்குத்தான் ஆல்டர்னேட்டர் வைத்தது. இதற்கு மேல் நாம் சேர்த்தது: ஆம்ப்ளிஃபையர் சராசரியாக 15, பேஸ் அடிக்கும்போது 40 வரை துள்ளும். எல்இடி பட்டை மீட்டருக்கு 14 வாட் என்றால் 10 மீட்டருக்கு 10 ஆம்ப்ஸ். டிவிக்கு 4. பன்னிரண்டு செல்போன், ஒன்றுக்கு 10 வாட் வீதம் 9 ஆம்ப்ஸ். சின்ன ஃப்ரிட்ஜ் ஓடும்போது 5. மொத்தத்தில் இன்னும் 43.

ஆக 83 தேவை. ஐடிலில் வருவது 35. மீதி 48 ஆம்ப்ஸ் பேட்டரியிலிருந்து போகிறது. 80 ஏஹெச் (ஒரு ஆம்ப்ஸ் வீதம் 80 மணி நேரம் தரும்) பேட்டரி பாதி இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. நிலக்கல் பார்க்கிங்கில் சாமிமார் வரும்வரை இன்ஜினை ஓடவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டிரைவர் தம்பி, "இன்ஜின்தான் ஓடுதே, அப்புறம் எப்படி பேட்டரி இறங்கும்?" என்று கேட்பார். இப்படித்தான் இறங்கும். 300 வாட் இன்வெர்ட்டர் ஒன்றையும் முழுச் சுமையில் ஓட்டினால், அதற்குள் வீணாவதையும் சேர்த்து, தனியாக 28 ஆம்ப்ஸ் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? என் வரிசை இது. முதலில் செலவைக் குறைப்பது: ஹாலஜனை நல்ல எல்இடியாக மாற்றுவது, நிற்கும்போது ஏசி புளோயரையும் அலங்கார விளக்கையும் அணைப்பது. இரண்டாவது, ஐடிலை ஏற்றுவது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இன்ஜினில் 100 ஆர்பிஎம் கூட்டினாலே ஆல்டர்னேட்டரில் நல்ல வித்தியாசம் தெரியும். ஏனென்றால் அந்த வேகத்தில்தான் அதன் வரத்து செங்குத்தாக ஏறுகிறது. எலக்ட்ரானிக் இன்ஜினில் இதைக் கை வைக்காதீர்கள். மூன்றாவது, ஆல்டர்னேட்டர் புல்லியைச் சிறியதாக்குவது. இன்ஜின் புல்லி 150 மி.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 70 மி.மீ. என்றால் 800 ஐடிலில் ஆல்டர்னேட்டர் சுமார் 1,700 சுற்றும். புல்லியை 60 ஆக்கினால் 2,000. இந்த வகை டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் 4,000-ஐ ஒட்டியே நின்றுவிடும் என்பதால் உச்ச வேகத்தில் ஆல்டர்னேட்டர் 10,000 சுற்றில் நிற்கும். அது தாங்கும் அளவுதான். ஆனால் சின்னப் புல்லியில் பெல்ட் பிடிக்கும் இடம் குறையும், பெல்ட் பழசாக இருந்தால் வழுக்கும்.

இவை எல்லாம் பத்தாது என்றால்தான் பெரிய ஆல்டர்னேட்டர். வாங்கும்போது உச்ச ஆம்ப்ஸை மட்டும் கேட்காதீர்கள், ஐடிலில் எத்தனை என்று கேளுங்கள். 120 ஆம்ப்ஸ் என்று எழுதிய சில ஆல்டர்னேட்டர்கள் ஐடிலில் உங்கள் பழைய 75-ஐவிடக் குறைவாகவே தரும். சூடேறிய பிறகு எதுவும் தகட்டில் எழுதியதை முழுதாகத் தராது. நான் கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவேன்.

ஆல்டர்னேட்டரில் 14.2, பேட்டரியில் 13.2

எல்லாச் சாமானையும் போட்டு, 2,000 ஆர்பிஎம்மில் வைத்து, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் வெளியே வரும் பி பிளஸ் போல்ட்டிலும் இன்னொன்றை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். பிளஸ்ஸுக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே அளக்கிறோம், குழம்ப வேண்டாம். வரும் எண் அந்த ஒயர் தின்கிற வோல்டேஜ். 0.2, 0.3 வரை பரவாயில்லை. அதேபோல ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்தால் 0.2-க்குள் இருக்க வேண்டும்.

மைனஸ் பக்கம் அதிகமாக வருவதைத்தான் நான் நிறையப் பார்க்கிறேன். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்து நரம்பு நரம்பாகத் தொங்கும். பெயின்ட் அடித்த இடத்தின் மேலேயே போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். இதற்கு வேறு சில அடையாளங்களும் உண்டு. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும், ஹாரன் அடித்தால் டிவி அணையும். செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச் கேபிளோ ஆக்சிலேட்டர் கேபிளோ சுடும். கேபிள் சுட்டால், செல்ஃபுக்கான கரண்ட் எர்த் பட்டை வழியாகப் போக முடியாமல் அந்தக் கேபிள் வழியாகத் திரும்புகிறது. அன்றே சரிசெய்ய வேண்டிய விஷயம் அது.

தீர்வு மூன்று ஒயர். ஆல்டர்னேட்டர் பி பிளஸ்ஸிலிருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு ஒன்று, பேட்டரி மைனஸிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று, இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று. 100 ஆம்ப்ஸ் அளவுக்கு 25 ஸ்கொயர் எம்எம் மல்டி ஸ்ட்ராண்ட் காப்பர் போடுங்கள். பழைய ஒயரைக் கழற்ற வேண்டாம், கூடவே இதையும் போட்டால் போதும். புது பிளஸ் ஒயருக்கு பேட்டரி பக்கத்திலேயே 150 ஆம்ப்ஸ் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, லக்கை (ஒயர் நுனியில் இருக்கும் வளையத்தை) முடுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பேட்டரி டெர்மினலில் பூத்துப் போயிருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, வயர் பிரஷ் போட்டுத் தேயுங்கள். லக்கை அதற்குரிய பஞ்சிங் டூலில் அமுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி, மேலே ஈயம் ஊற்றியது எல்லாம் ஆறு மாதத்தில் விட்டுப்போய்த் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சென்ற வருடம் ஒரு வேன் வந்தது. வேறு ஊரில் இரண்டு பேட்டரியும் ஒரு ஆல்டர்னேட்டரும் மாற்றியிருந்தார்கள். மைனஸ் பக்கம் அளந்தால் 0.9 வோல்ட். ஒரு புது எர்த் ஒயர் போட்டதோடு வேலை முடிந்தது. உரிமையாளர் அண்ணன் பழைய பில்களைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பேட்டரியில் வோல்டேஜ் சரி, பின்னால் இருக்கும் சாமான் கட் ஆகிறது

இது ஒயர் மெலிவு. வேனின் முன்னாலிருந்து கடைசி சீட்டுக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக, வர 10 மீட்டர். 2.5 ஸ்கொயர் ஒயரில் 20 ஆம்ப்ஸ் போனால் வழியிலேயே 1.4 வோல்ட் காணாமல் போகும். 6 ஸ்கொயரில் 0.6 வோல்ட், 10 ஸ்கொயரில் 0.35. ஆம்ப்ளிஃபையர் பேஸ் அடிக்கும்போது கரண்ட் இரட்டிப்பாகும், இழப்பும் இரட்டிப்பாகும். 2.5-இல் வோல்டேஜ் 11-க்குக் கீழே போய், ஆம்ப்ளிஃபையர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். உடனே பழி ஆல்டர்னேட்டர் மேல்.

ஆம்ப்ளிஃபையருக்கு 10 அல்லது 16 ஸ்கொயரில் பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர் இழுங்கள். ஒயருக்குள் இருப்பது சுத்தமான காப்பரா என்று ஒரு நரம்பைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது காப்பர் பூசிய அலுமினியம், ஆடியோ கிட்டுகளில் அடிக்கடி வருகிறது. காப்பர் தாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் அது தாங்கும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். சாமான் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் ஒயர் நடுவில் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது அதனால் பயனில்லை, ஒயரே பற்றி எரியும். இருபது பேர் உட்கார்ந்து போகும் வண்டி என்பதை மறக்க வேண்டாம். ஃபியூஸின் அளவை ஒயர் எவ்வளவு தாங்கும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள், சாமானின் பெட்டியில் எழுதியதை வைத்து வேண்டாம்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து நாலு சாமானுக்குக் கிளை இழுத்திருந்தால் முதலில் அதைப் பிரித்துவிடுங்கள். பின்னால் ஒரு சின்ன ஃபியூஸ் பாக்ஸ், முன்னால் சாவியோடு சேர்ந்து இயங்கும் ஒரு ரிலே, இரண்டையும் வைத்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும்.

பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டிய பிறகு புதுப் பிரச்சினை

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கத்துகிறதா? இரவில் இறங்கிய பேட்டரி அந்த நேரத்தில் நிறையக் கரண்டை இழுக்கும், ஆல்டர்னேட்டர் கனக்கும், பெல்ட் வழுக்கும். 100 ஆம்ப்ஸ் தர ஆல்டர்னேட்டர் இன்ஜினிலிருந்து மூன்றரை குதிரைத்திறன் எடுக்கிறது. பெல்ட்டின் நீளமான பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் சுமார் 10 மி.மீ. இறங்க வேண்டும். உள்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் மாற்றிவிடுங்கள். பவுடர் தூவுவது, சோப்புத் தேய்ப்பது எல்லாம் சத்தத்தை நிறுத்தும், வழுக்கலை நிறுத்தாது. ஒற்றை வி பெல்ட் உள்ள இன்ஜினில் 100-க்கு மேல் போவதை நான் செய்து கொடுப்பதில்லை. இழுத்து முடுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து போய்விடும்.

மெயின் ஃபியூஸோ, ஃபியூஸ் வேலை செய்யும் ஒயர்த் துண்டான ஃபியூசிபிள் லிங்க்கோ உருகுகிறது என்றால் பழைய 75 ஆம்ப்ஸுக்கு வைத்த ஒயரிலேயே 120 போகிறது. ஃபியூஸை மட்டும் பெரிதாக்கினால் அடுத்தது ஒயர் உருகும். மேலே சொன்ன 25 ஸ்கொயர் ஒயரைத் தனி ஃபியூஸோடு போடுங்கள்.

பிரேக் கல் மாதிரி ஆகிவிட்டது என்று ஒருவர் வந்தால், வண்டியை அதற்கு மேல் ஓட்ட விடாதீர்கள். டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் வேக்கம் பம்ப் இருக்கும். பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சு காற்று அங்கிருந்துதான் போகிறது. வேக்கம் பம்ப் இல்லாத கார் ஆல்டர்னேட்டரை ஆம்ப்ஸ் அதிகம் என்று மாட்டிவிட்டாலோ, பம்ப்புக்கான ஆயில் பைப் சரியாக உட்காராமல் போனாலோ பூஸ்டர் வேலை செய்யாது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறி இறங்கும் வண்டியில் இது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆல்டர்னேட்டர் மாற்றியதும் இன்ஜினை அணைத்து, பிரேக்கை நாலைந்து முறை மிதித்துக் கட்டையாக்குங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியைப் பட்டறையை விட்டு வெளியே எடுக்கக் கூடாது.

அந்த வேக்கம் பம்ப்பின் சீல் போய் ஆயில் உள்ளே கசிந்தால் கார்பன் பிரஷ் நனைந்து சார்ஜ் நின்றுபோவதும் உண்டு. புது பிரஷ் போட்டு ஒரு மாதத்தில் மறுபடி அதே புகார் வந்தால் சீலைப் பாருங்கள்.

ஆக்சிலேட்டருக்கு ஏற்ப ஸ்பீக்கரில் விசில்

மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓட, சுமை போட்டு, பேட்டரியில் அளந்து பாருங்கள். 0.1-க்குள் இருந்தால் டையோடு நலம். 0.5-ஐத் தாண்டினால் டையோடு பிளேட்டில் ஒன்று போயிருக்கும், ஆல்டர்னேட்டர் முழு ஆம்ப்ஸும் தராது. நலமாக இருந்தும் விசில் வந்தால் அது ஆடியோ வயரிங். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளை பவர் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் வேனின் மறுபக்கம் கொண்டுபோங்கள். ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் எர்த்தை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இரவு நிறுத்தினால் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

பகலில் சார்ஜ் நன்றாக ஏறுகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு இதற்கு வாருங்கள். எல்லாம் அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, நடுவே மீட்டரை 10 ஆம்ப்ஸ் நிலையில் இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டர் போய்விடும். புதிய வண்டியில் கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி நேரம்வரை ஆகும், பொறுங்கள். அதன் பிறகு 0.05 ஆம்ப்ஸுக்குள் வர வேண்டும். 0.5 இருந்தால் ஒரு நாளைக்கு 12 ஏஹெச், மூன்று நாள் நின்றாலே 80 ஏஹெச் பேட்டரி பாதி காலி.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுக்கும்போது எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. என் அனுபவத்தில் முதல் குற்றவாளி ஆம்ப்ளிஃபையரின் ரிமோட் ஒயர். ஸ்டீரியோ போட்டால் மட்டும் ஆன் ஆக வேண்டிய அதை அவசரத்தில் நேர் பிளஸ்ஸில் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது குற்றவாளி இன்வெர்ட்டர், சும்மா ஆன் நிலையில் இருந்தாலே அரை ஆம்ப்ஸுக்கு மேல் எடுக்கும். மூன்றாவது, சீட்டுக்கு அடியில் எப்போதும் நீல விளக்கோடு எரிந்துகொண்டிருக்கும் யுஎஸ்பி சார்ஜர்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும், டூரிஸ்ட் வண்டிகளில் இருக்கும் ஏஐஎஸ் 140 டிராக்கரும் எப்போதும் கொஞ்சம் எடுக்கும். அதை மட்டும் கழற்றாதீர்கள், அது இருக்க வேண்டிய சாமான்.

எந்த ஃபியூஸை எடுத்தும் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் டையோடு வழியாகவே பின்னோக்கிக் கசியலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பி பிளஸ் ஒயரை எடுத்து டேப் சுற்றித் தனியாக வைத்து, மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

வோல்டேஜ் 15-ஐத் தாண்டுகிறது, பேட்டரி கொதிக்கிறது

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் கூடாது. சாமான்களை அணைத்து இன்ஜினை நிறுத்துங்கள். பழைய வகை ஆல்டர்னேட்டரில் இது ரெகுலேட்டர்தான், மாற்றிவிடுங்கள். பேட்டரி வோல்டேஜை ரெகுலேட்டருக்குச் சொல்லும் சென்ஸ் ஒயர் தனியாக வரும் வகையில் அந்த ஒயர் அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், காசு மிச்சமாகும்.

டேஷ்போர்டு பல்பை எல்இடி ஆக்கியதிலிருந்து சார்ஜ் ஏறவில்லை

சார்ஜ் லைட் பல்பு வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் பல ஆல்டர்னேட்டர்களை எழுப்பிவிடுகிறது. எல்இடி அந்த அளவு கரண்டை விடாது. ஆக்சிலேட்டரை ஒருமுறை நன்றாக மிதித்த பிறகுதான் சார்ஜ் தொடங்குகிறது என்றால் இதுவேதான். பழைய பல்பைத் திரும்பப் போடுங்கள், அல்லது எல்இடிக்கு இணையாக 56 ஓம்ஸ், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. ஆல்டர்னேட்டர் எழுகிறதா என்று அறிய, சாவியை ஆன் செய்து பின் பேரிங் பக்கம் ஸ்குரூடிரைவரைக் கொண்டுபோங்கள். காந்தம் போல இழுக்க வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போது மட்டும்.

இரண்டாவது பேட்டரி வைத்தும் நிறைவதே இல்லை

பாட்டுக்கும் விளக்குக்கும் தனி பேட்டரி என்பது நல்ல முடிவு. செல்ஃப் பேட்டரி எப்போதும் தப்பிக்கும். ஆனால் இரண்டையும் ஒயரால் நேராக இணைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். பழைய வண்டிக்கு வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே போதும்: 13.3 அளவுக்கு மேல் இணைக்கும், 12.8-க்குக் கீழே பிரிக்கும். இரண்டு பேட்டரிக்கும் நடுவே 16 ஸ்கொயர் ஒயர், இரு முனையிலும் ஃபியூஸ். இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் வைத்தால் மறுபக்கம் காவல் இல்லை.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் கதை வேறு. அங்கே ஆல்டர்னேட்டர் எவ்வளவு தர வேண்டும் என்பதை இசிஎம் முடிவு செய்கிறது. பேட்டரி நிறைந்துவிட்டால் வோல்டேஜை 12.6 பக்கம்கூட இறக்கிவிடும், வேகம் குறைக்கும்போது 15 வரை ஏற்றும். மீட்டரில் இப்படி ஆடுவதைப் பார்த்து ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். அந்த வண்டியில் ரிலே அடிக்கடி பிரிந்துவிடும், இரண்டாவது பேட்டரி பாதியிலேயே நிற்கும். டிசி டு டிசி சார்ஜர் ஒன்றுதான் வழி. உள்ளே என்ன வோல்டேஜ் வந்தாலும் வெளியே பேட்டரிக்கு வேண்டியதைத் தரும். வேனுக்கு 20 அல்லது 30 ஆம்ப்ஸ் போதும். லித்தியம் பேட்டரி வைப்பவர்களுக்கும் இது கட்டாயம். லித்தியம் கிடைக்கும் கரண்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஐடிலில் விசிறி மெதுவாகச் சுற்றும் நேரத்தில் ஆல்டர்னேட்டர் முழுச் சுமையில் வெந்து, காயில் கருகிவிடும்.

இவ்வகை வண்டிகளில் பேட்டரி மைனஸ் டெர்மினலின் மேல் சின்னப் பெட்டி ஒன்று இருந்தால் அது பேட்டரி சென்சார். நம் சாமான்களின் மைனஸை நேராக டெர்மினலில் மாட்டினால் அந்தக் கரண்ட் சென்சாரின் கண்ணில் படாது, இசிஎம் பேட்டரி நிறைந்திருக்கிறது என்று தப்பாக நினைத்து சார்ஜைக் குறைத்துவிடும். எர்த்தைச் சேஸிஸில் கொடுங்கள்.

எந்த வேலை முடித்தாலும் வண்டியைத் தரும் முன் எல்லாச் சாமானையும் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு லக், ஃபியூஸ் ஹோல்டர், எர்த் போல்ட் மேலும் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். ஆல்டர்னேட்டர் சுடும், அது இயல்பு. மற்ற எந்த இணைப்பும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கக் கூடாது. சுட்டால் அங்கே லக் சரியாக அமுங்கவில்லை, அல்லது போல்ட் முடுக்கவில்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வந்து எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை முடுக்கிக்கொண்டு போகச் சொல்வேன். புது ஒயரும் லக்கும் அதிர்வில் கொஞ்சம் தளர்ந்து உட்கார அவ்வளவு ஓட்டம் வேண்டியிருக்கிறது.